தப்பாகவே பேசிய ஆபீசர்

எங்கள் ஊர் ஆபீசர் யாரையும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு விஷயம் தெரியவேண்டுமென்றால் அதைத் தப்பாகச் சொல்வார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த வருஷம் கல்லணையைத் தொறக்கவே போறதில்லையாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருப்பார். அது போதும்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு? தொறந்து நாளாச்சு. வெண்ணாத்துல தண்ணி போவுது."

"போய் என்ன?" என்பான் இன்னொருத்தன். "நம்ம வாய்க்காலுக்கு ஏறுச்சா? மேலூர்க்காரனுங்க மதகுல பலகையைப் போட்டு மறிச்சிட்டானுங்கல்ல."

"போட்டது மேலூர்க்காரன் இல்லடா, நம்ம ஊரு ஆளுதான். மச்சான் வயலுக்குப் பாய்ச்சுறான்."

எந்த மதகு, எந்த ஆள், எந்த மச்சான் என்று எல்லாம் தானாக வந்து அவர் மடியில் விழும். "அப்படியா? எனக்குத் தப்பாச் சொல்லிட்டானுங்கப்பா" என்று எழுந்து போவார். சாயந்திரம் போய்ப் பார்த்தால் மதகில் பலகை இருக்காது.

பட்டாளத்தில் அவருக்கு உளவு பார்க்கிற வேலை. வடக்கே மலையில் சண்டை நடந்தபோது எதிரி எங்கே இருக்கிறான், எந்த வழியாக வருகிறான் என்று தகவல் சேர்த்துக் கொடுத்தவர். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுப் பாட்டன் பூட்டனும் பண்ணையில் வேலை செய்தவர்கள்தான். அந்தத் தெருவிலிருந்து படித்து, ஆபீசராகிப் போய் வந்தவர் என்பதால் பேர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் எனக்குத் திடுக்கென்கிறது. வயலுக்குப் புறப்பட்டவள் நின்றுவிடுகிறேன்.

ஒரு தடவை மாதா கோயில் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனது. ஊர் கூடி ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் மெதுவாக, "மோட்டாரை எடுத்தவன் மன்னார்குடியில எடைக்குப் போட்டுட்டானாம். பழைய இரும்பு வெலைதான் கெடைச்சுதாம், பாவம்" என்றார்.

ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தனுக்கு அது பொறுக்கவில்லை. "மோட்டாரை எவனாவது இரும்பு வெலைக்குப் போடுவானா? உள்ள முச்சூடும் செம்புக் கம்பியில்ல. பாபநாசத்துல செம்புக்குத் தனி வெல தர்றான்" என்றான். சொல்லிவிட்டு வெற்றிலையை மெல்லாமல் நின்றான்.

"ஓ, பாபநாசமா?" என்றார் ஆபீசர்.

ஊரே சிரித்தது. அக்கா என்னிடம், "திருட்டுப் பயலுக்குக்கூடத் தப்பைக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்க முடியலை பாரு" என்றாள். ஆனால் ஆபீசர் அவனைப் போலீசில் கொடுக்கவில்லை. மோட்டார் திரும்பி வந்தது, அவனும் அவர் கூடவே சுற்ற ஆரம்பித்தான். பின்னால் தேர்தலில் அவருக்காக ராப்பகலாக அலைந்தவன் அவன்தான். தெரிந்துகொண்டதை ஆபீசர் உடனே செலவழிக்கமாட்டார், வைத்திருப்பார்.

அக்கா தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வாள். "வந்த புதுசுல ஒருநாள், 'ஒங்கம்மா ஒனக்குச் சமைக்கவே சொல்லிக் கொடுக்கலையாம்ல'ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். எங்கம்மா விரால் மீன் கொழம்பு எப்படி வைக்கும், எனக்குன்னு தனியா எதை எடுத்து வைக்கும், எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொல்லித் தீர்த்தேன். மறுநாள் விரால் மீனை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. என்ன பிடிக்கும்னு வாயைத் தொறந்து கேட்டிருந்தா செத்தா போயிடுவாரு?"

"இப்பவும் அப்படித்தானாக்கா?"

"இப்ப நான் எதுக்கும் ஆமான்னுடுறது. வெயில் கொளுத்தும், மழை பெய்யுதும்பாரு. ஆமா பெய்யுது, கொடை எடுத்துக்கிட்டுப் போங்கம்பேன்."

என்னிடமும் அவர் வித்தை நடக்காது. எனக்குச் சாமர்த்தியம் இருந்ததால் இல்லை. நாலு பேர் நடுவில் என்ன, ஒருத்தர் முன்னால்கூட எனக்கு வாய் வராது. "தங்கச்சி, ஒன் வயல்ல இந்தத் தடவை எல்லாம் கருக்காதானாமே" என்று வேலி ஓரமாகச் சொல்வார். ஒரு பதர்கூட இல்லாமல் விளைந்த வயல் அது. நான் குனிந்தபடி "ம்" என்பேன். "ஒன்கிட்ட மட்டும் பலிக்கலைம்மா" என்று சிரிப்பார்.

குனிந்தே இருக்கிறவள் எதையும் பார்க்கமாட்டாள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கடைக்கண்ணுக்கும் தெரியும். தப்பைச் சொல்லும்போது ஆபீசர் எதிரே இருப்பவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். தூண்டில் போட்டவன் தக்கையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு எப்போதும் பயம்.

கல்லறைத் திருநாள் அன்று அந்தப் பயம் அதிகமாகிவிட்டது. நான் என் வீட்டுக்காரர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் தன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, இன்னொரு திரியைச் சுற்றுச்சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்தார். அங்கே கல்லறை எதுவும் இல்லை, வெறும் புல்தரை. நான் பார்த்ததைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. அவராகவே பேசினார்.

"மலையில ஒரு கிராமம் தங்கச்சி. ஆடு மேய்க்கிற ஜனங்க. அங்க ஒரு அம்மா. அவ மகன் எதிரிக்கு வழி காட்டுறான்னு தகவல். எங்க இருக்கான்னு கேட்டா பெத்தவ சொல்லுவாளா? 'ஒன் மகன் செத்துட்டான், பள்ளத்துல கெடக்கான்'னேன். 'இல்லையே, விடியக்காலைலதானே ரொட்டி வாங்கிட்டுப் போனான்'னா. போன பக்கத்தைக் கையை நீட்டியும் காட்டிட்டா."

காற்றில் திரி அணைந்தது. மறுபடி ஏற்றினார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அதனால நம்ம பசங்க பல பேரு பொழைச்சாங்க" என்றார். சொன்னதெல்லாம் அந்தத் திரியைப் பார்த்துத்தான். என் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அந்த அம்மாதான் என் முன்னால் நின்றாள். மகன் உயிரோடிருக்கிறான் என்று சொல்லத்தானே வாயைத் திறந்தாள்?

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு இடம் வந்தால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புவோம். பெரும்பாலும் தாய்மாமன் போவார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக் கறிச்சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். வந்து, "தங்கமான குடும்பம், கொழம்பு பிரமாதம்" என்பார். ஆபீசர் ஊரோடு வந்து தங்கிய பிறகு எல்லாரும் அவரிடம் போக ஆரம்பித்தார்கள். அவர் மாப்பிள்ளை ஊர் சலூனில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வீட்டுப் பையன் குடியையே கையால தொடமாட்டானாமே, சாமியாராப் போகவேண்டியவனாம்" என்பார். கத்தரிக்கோல் நின்றுவிடும். "யாரு, அவனா?" என்று தொடங்குவார்கள்.

திரும்பி வந்து பெண் வீட்டாரிடம் "பண்ணுங்க" என்பார், அல்லது "வேற பாருங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. "காரணத்தைச் சொன்னா ரெண்டு குடும்பத்துக்கும் பகை" என்பார். பெரிய மனுஷன் என்று ஊர் மெச்சியது.

அதிலிருந்துதான் அவருடைய அரசியல் கிளம்பியது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரே அழைத்தது. ஊரிலுள்ள மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பாஸ் பண்ணினவர்கள், மாமியார் ஓட்டெல்லாம் அவருக்குத்தான் என்று கேலி பேசுவார்கள். அவருக்குப் பூட்டுச் சாவிச் சின்னம் கிடைத்தது. "வாயைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்ட ஆளுக்குச் சின்னத்தைப் பாத்தியா" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மைக்கிலேயே சொன்னார்கள். அவரும் கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் சகாயமேரிக்கு இடம் வந்தது.

கீழத்தெருவில் அறுவடை மிஷின் வைத்திருக்கிற ஒருத்தர் இருந்தார். மிஷின்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் கை காட்டுகிற பக்கம்தான் கீழத்தெரு ஓட்டு விழும். ஆபீசருக்குப் பக்கபலம் அவர்தான். அவர் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சகாயமேரி மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்களே வந்து கேட்டார்கள். தகப்பனில்லாத பெண்ணுக்கு இப்படி ஓர் இடமா என்று எனக்குக் கண்ணீர் வந்தது.

அக்கா மூலமாக ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். அவரும் திருப்பூர் போய்வந்தார். வந்தவர் "பண்ணுங்க" என்றும் சொல்லவில்லை, "வேற பாருங்க" என்றும் சொல்லவில்லை. நான் அக்காவைக் கேட்டேன்.

"ஒன்னும் சொல்லலைம்மா. எலெக்‌ஷன் அலைச்சல்ல மறந்துட்டாரோ என்னவோ. கெட்டதா இருந்தாச் சொல்லியிருப்பாருல்ல" என்றாள் அக்கா.

மிஷின்காரர் அவசரப்படுத்தினார். நிச்சயதார்த்தம் நடந்தது. ஆபீசர் வந்து, உட்கார்ந்து, பாயசம் குடித்துவிட்டுப் போனார். பிறகு எனக்கு என்ன சந்தேகம்?

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு எங்கள் கோயில்களில், பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும், ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பூசை முடிகிற நேரத்தில் பங்குச் சாமியார் படிப்பார். முதல் ஓலையில் என் மகள் பேரைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். சகாயமேரி முக்காட்டுக்குள் சிரித்தாள். அதற்குள் அந்தப் பையனோடு போனில் பேசப் பழகியிருந்தாள்.

இரண்டாவது ஓலை அன்று தற்செயலாகத் திரும்பினேன். வாசல் ஓரம், எப்போதும் உட்காரும் இடத்தில், ஆபீசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். குனிந்திருப்பது என் வழக்கம், அவர் வழக்கம் இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. தேர்தல் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரத்திலேயே ஓட்டுப்பதிவு.

பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். வேறொன்றுக்கும் இல்லை, கல்யாணத்தன்று பெண் பக்கத்துச் சாட்சியாக அவர் கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லத்தான். முன்கூடத்தில் மிஷின்காரரும் ஆட்களும் நோட்டீஸ் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்பக்கமாக அடுப்படிக்குப் போனேன். அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

வந்ததும் அவரே ஆரம்பித்தார். "பையன் தங்கமான பையன் தங்கச்சி. ஒரு குறையும் கெடையாது."

கண் என் முகத்திலேயே இருந்தது. நான் குனிந்துகொண்டேன். ஆனாலும் வந்ததைச் சொல்லவேண்டுமே. "சகாயமேரிக்கு அப்பா இல்லைண்ணே. பொண்ணு பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்றேன்.

அவர் திரும்பி ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்திடு" என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திருப்பூர்ல பதிவு பண்ணின பொண்டாட்டி இருக்கா. ஒரு கொழந்தையும் இருக்கு. நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். மிஷின்காரருக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்கலை, அத்துவிடணும்னுதான் இங்க அவசரப்படுறாரு."

"அடப்பாவி மனுஷா!" அக்கா குரலை அடக்கிக்கொண்டாள். "நிச்சயத்துல உக்காந்து பாயசம் குடிச்சீங்களே!"

"நான் சொன்னேன்னு சொல்லவேணாம் தங்கச்சி. எலெக்‌ஷன் முடியட்டும். நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

முன்கூடத்திலிருந்து மிஷின்காரர் குரல் கொடுத்தார். "என்ன ஆபீசரே, என் சம்பந்தியம்மாகிட்ட அடுப்படியில என்ன ரகசியம்?"

"கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியா கோழிக்கறியான்னு சண்டை" என்றார் ஆபீசர், முருங்கை மரத்தைப் பார்த்தபடியே.

வீட்டுக்கு வந்து சகாயமேரியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"யாரு, ஆபீசர் மாமாவா? அவர் வாயில வர்றது எல்லாமே தப்புன்னு ஊருக்கே தெரியும். முதல்ல தங்கமான பையன்னாரு, அடுத்த நிமிஷம் பொண்டாட்டி பிள்ளைங்கிறாரு. இதுல எதும்மா நெசம்?"

"ரெண்டாவதைச் சொல்லும்போது அவர் என் மூஞ்சியைப் பாக்கலைடி."

"அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவியா?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாழை மரத்தடியில் இப்படியும் அப்படியும் நடந்து பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணுறாரு" என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே, "ஆனா எடுத்த எடுப்புல இல்லைன்னு சொல்லலைம்மா. 'யாரு சொன்னது'ன்னுதான் கேட்டாரு" என்றாள். பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாமியாரிடம் போய், "எனக்கு இஷ்டமில்லை சாமி" என்று அவளே சொன்னாள். வேறு காரணம் சொல்ல எங்கள் கையில் எதுவும் இல்லை. பார்த்துவந்தவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. மூன்றாவது ஞாயிறு அவள் பேர் வாசிக்கப்படவில்லை. கோயில் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது.

ஆபீசர் ஜெயித்தார். வெடி வெடித்தார்கள், மாலை போட்டார்கள். மிஷின்காரர்தான் முதல் மாலை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காத்திருந்தேன். இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று. துணைத் தலைவர் தேர்வு முடியட்டும் என்றார் அக்காவிடம். பிறகு ரோடு வேலை முடியட்டும் என்றார். அடுத்த சட்டசபைத் தேர்தலில் அவருக்குச் சீட்டு என்று பேச்சு வந்தது, அதற்கும் மிஷின்காரர் வேண்டும்.

தலைவராக அவர் குறை வைத்தார் என்று சொல்லமாட்டேன். கடைமடை வயலான எங்கள் வயலுக்கெல்லாம் அந்த வருஷம் தண்ணீர் ஏறியது. தூர் வாரியதில் கள்ளக்கணக்கு எழுத ஒருத்தனாலும் முடியவில்லை. ஆனால் குடத்தோடு குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். மன்னார்குடியில் சகாயமேரிக்கு யாரோ இருக்கிறான், அதனால்தான் கல்யாணம் வேண்டாமென்றாள் என்று மிஷின்காரர் வீட்டில் கிளப்பியிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் பாதி வழியில் திரும்பிப் போனார்கள்.

"எலெக்‌ஷன் முடியட்டும்னாரே, எந்த எலெக்‌ஷன்னு கேட்டியா?" என்பாள் சகாயமேரி. சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறப் போவாள். நான் வேலி வரை போவேன், திரும்பி வருவேன். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு மறுபடி போவேன். என்னைக் கண்டால் ஆபீசர் உள்ளே போய்விடுவார். ஒருநாள் மட்டும் தெருவில் நாலு பேர் முன்னால், "மகளுக்கு வேற இடம் முடிஞ்சிடுச்சாமே தங்கச்சி" என்றார். கண் என் முகத்தில் இருந்தது. எனக்குக் கோபம் இருக்கிறதா, யாரிடமாவது சொல்லிவிட்டேனா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அன்று நான் "ம்" கூடச் சொல்லவில்லை.

தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போனது. ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். அதே பையன். பெண் பட்டுக்கோட்டைப் பக்கம். அந்தப் பெண்ணின் தாய் பேரையும் சாமியார் படித்தார். எனக்கு ஜெபம் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. ஆபீசர் வாசல் ஓரம் உட்கார்ந்துதான் இருந்தார்.

அன்று முன்வாசல் வழியாக அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ரெண்டு மூன்று கட்சிக்காரர்கள் இருந்தார்கள். நான் நிலைப்படியிலேயே நின்றேன். என்ன என்று அவர் கேட்கமாட்டாரே.

"ஓலையைச் சொல்ல வந்திருக்கே. நானும் கேட்டேன்" என்றார். பிறகு பேப்பருக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார். "அது நம்ம பொண்ணு இல்லையே தங்கச்சி."

"நம்ம பொண்ணுதாண்ணே" என்றேன்.

அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து அக்கா வந்து நின்றாள். ஆபீசர் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலைல கெளம்பி இரு. அந்தப் பொண்ணு ஊருக்குப் போறோம்" என்றார்.

சகாயமேரி வர மறுத்துவிட்டாள். "அந்தப் பொண்ணு மூஞ்சியை நான் பாக்க முடியாதும்மா. நீ போ." ஆபீசரும் அக்காவும் நானும் வாடகைக் காரில் போனோம். ஒரத்தநாடு தாண்டியதும் வயல் மறைந்து தென்னந்தோப்பாக வந்துகொண்டிருந்தது. ஆபீசர் ஒரே ஒரு தடவை பேசினார். "இன்னையோட மிஷின்காரர் போனாரு. சீட்டும் போச்சு."

"போகட்டும். இத்தனை நாள் கழிச்சாவது போகுதே" என்றாள் அக்கா.

தோப்பு நடுவே சின்னக் கோயில். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தோம். கல்யாணப் பெண் யார் என்று யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஓலை வாசிக்க ஆரம்பித்ததுமே தோழிகள் ரெண்டு பக்கமும் இடித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்த தாய்க்கும் சிரிப்பு அடங்கவில்லை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் படித்து முடித்துத் தாளை மடித்தார்.

பூசை முடிந்ததும் தனியாகச் சாமியாரைப் பார்த்துச் சொல்வார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி, எனக்குத் தெரியும்" என்றார். பட்டாளத்தில் மேலதிகாரிக்குச் சொல்கிற மாதிரி விறைப்பாக நின்றுகொண்டு, தான் யார், எந்த ஊர்த் தலைவர், திருப்பூரில் எந்தத் தெருவில் என்ன பார்த்தார், குழந்தை என்ன குழந்தை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "போன ஐப்பசியிலேயே எனக்குத் தெரியும்" என்று முடித்தார். ஒரு வார்த்தை தப்பில்லை. திருத்த யாருக்கும் எதுவும் இல்லை.

பச்சைச் சேலைக்காரியின் தோளிலிருந்து தோழிகள் கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்படியே பாயில் கவிழ்ந்தாள். தாய் எழுந்தாள். எங்களைப் போலக் காய்ப்புக் காய்த்த கை.

"ஐப்பசியிலேயே தெரியுமா?" என்றாள். "ஏன்யா, ஐப்பசியிலேர்ந்து எங்க வீட்டுக்கு வழி தெரியலையா? வாசல்ல வந்து என் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு சொம்புத் தண்ணி கொடுத்து ஒங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேனே. மூணு ஓலையும் வாசிக்க விட்டு, எம்பொண்ணை நடுக்கோயில்ல வச்சு இப்படி உரிக்கணுமா?"

ஆபீசர் விறைப்பை விட்டுக் கையைத் தொங்கப்போட்டார். எனக்கு ஒளித்துச் சொன்னார், இவளுக்கு ஊரறியச் சொன்னார். ஒருத்தரிடம் ஒரு நிஜத்தை எங்கே, எப்போது, எப்படிச் சொல்லவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது என்று அப்போதுதான் பட்டது.

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பாய்களைத் தாண்டி அந்த அம்மாளிடம் போனேன்.

"நீ யாரு?" என்றாள். ஆங்காரம் அடங்காத குரல்.

"போன ஐப்பசியில இதே பையனுக்கு ஓலை வாசிச்ச பொண்ணோட அம்மா" என்றேன். கோயிலில் எல்லாருக்கும் கேட்டது. "எம்பொண்ணு மேல எந்தக் குறையும் இல்லை. ஒங்க பொண்ணு மேலயும் இல்லை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்தேன். அழுது குலுங்குகிற முதுகு.

நிமிர்ந்து பார்த்தபோது ஆபீசர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் நாற்காலி போடாமல் அவரை யாரும் நிற்கவைத்ததில்லை. இந்தக் கோயிலில் அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சாமியார் கடைசி ஆசீர் கொடுத்து, ஜனம் கலைந்து, பலிபீடத்து மெழுகுதிரியை அணைக்கிற வரைக்கும் கையைத் தொங்கப்போட்டபடி நின்றுகொண்டே இருந்தார்.